தூணுக்கும் சவுக்குக்கும் நடுவில் ஒரு மூட்டை

மூட்டை என்ற பெயர் அவனுக்குப் பத்தொன்பதாவது வயதில் ஒட்டியது. அதற்கு முன் எல்லோரையும் போல அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சட்டென்று உறைக்காது. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் காதிலும் விழாது.

இடது காதை எடுத்தவர் தூண். வலது கண்ணை எடுத்தவன் சவுக்கு. இரண்டு பேருமே நாட்டின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்தவர்கள். தூண் பட்டம் ஜெயித்த வருடம்தான் சவுக்கு பிறந்தான். தூண் அதைப் பறிகொடுத்தபோது சவுக்குக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. அதனால் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் குத்திக்கொள்ள வழியே இல்லாமல் போயிற்று. இரண்டு பேரிடமும் குத்து வாங்கியவன் என்று பார்த்தால் மூட்டை ஒருவன்தான்.

பத்தொன்பது வயதில் அவன் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்கிக்கொண்டிருந்தான். ஆறடி இரண்டங்குலம், நூற்று நான்கு கிலோ, கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு நாள் காலை இரண்டு உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒரே நேரத்தில் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தவனைத் தூணின் மாஸ்டர் பார்த்துவிட்டார். குள்ளமான மனிதர். தோளில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு கிடக்கும்.

“தம்பி, உன்னை ஒருத்தர் அடிப்பார். நீ விழாம நிக்கணும். வேலை அவ்வளவுதான்,” என்றார்.

“நான் திருப்பி அடிக்கலாமா?”

“தாராளமா அடிக்கலாம். அவருக்கு வலிக்கக் கூடாது.”

பயிற்சிக்கூடம் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே ரப்பர் காய்ச்சும் நாற்றம் படிக்கட்டு வழியாக ஏறி வந்து சுவரிலேயே தங்கிவிட்டிருந்தது. தூணுக்கு அப்போது இருபத்தாறு வயது. கால்கள் தரையில் நட்டு வைத்தவை போல நிற்கும், அதனால்தான் அந்தப் பெயர். நகர்ந்து விளையாடுகிற ஆளே இல்லை. எதிராளி தன்னிடம் வரும்வரை இடது கையால் நேராகத் தட்டிக்கொண்டே இருப்பார். வந்ததும் வலது கையை இறக்குவார். முதல் நாள் அந்த வலது கை விழுந்தபோது, தன்னை யாரோ லாரியிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் விழவில்லை. விழாமல் நின்றதைப் பார்த்து தூண் சிரித்தார்.

“ஆள் இல்லடா இது, மூட்டை. எவ்வளவு குத்தினாலும் கொட்டாது போல.”

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

தூண் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அதுதான் பின்னால் பெரிய சிக்கலாயிற்று. அவனுடைய உதடு கிழிந்தால் தானே பஞ்சை எடுத்து அழுத்திப் பிடிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை இடது காதில் சவ்வு கிழிந்து ரத்தம் வந்தபோது, மறுநாள் காலை அவனுடைய அறைக்கு மூன்று டஜன் முட்டை வந்து சேர்ந்தது. முட்டையைக் கொண்டு வந்த ஆளிடம் தூண் ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார். “காது ரெண்டு இருக்குன்னு சொல்லு. ஒண்ணு போனா ஒண்ணு.” முட்டை பூராவையும் அவன் தின்றான். காதுக்குள் ரயில் போகிற சத்தம் நிற்கவே இல்லை.

அடி வாங்குகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அடிக்கிறவரை அவனைப் போல உற்றுப் பார்ப்பவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் நாள் அவன் ஒன்றைக் கவனித்தான். தூண் இடது கையை நேராக நீட்டும்போதெல்லாம் தாடையைக் காக்க வேண்டிய வலது கை நான்கு விரற்கடை கீழே இறங்கும். கண் இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் இடது கையை வளைத்து அடித்தால் தாடை திறந்து கிடக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கியது. எண்ணிப் பார்த்தான், தவறவே இல்லை.

இரண்டு மாதம் யோசித்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னான். நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில்தான் சொன்னான்.

“மாஸ்டர், அண்ணனோட வலது கை...”

ஈரத் துண்டு சுழன்று வந்து அவன் முகத்தில் விழுந்தது. “அடி வாங்கத்தான் உன்னை வெச்சிருக்கேன். அறிவு சொல்ல இல்ல.”

கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த தூண் நிமிர்ந்து பார்த்தார். “மூட்டை பேசுது பாருங்க,” என்றார். கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆறு வருடம் மூடியே வைத்திருந்தான்.

ஆறாவது வருட முடிவில் வெளியூரிலிருந்து ஒருவன் பட்டத்துக்குச் சவால் விட்டு வந்தான். அன்று மூட்டை தூணின் மூலையில் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு சுற்று வரை தூண் அந்த ஆளைத் துவைத்து எடுத்தார். ஒன்பதாவது சுற்றில், மூட்டை ஐந்தே நாளில் கண்டதை அந்த ஆளும் கண்டுபிடித்தான். இடது கை வளைந்து வந்தது. தூண் முழங்காலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி அதே இடத்தில் வாங்கினார், முகம் குப்புற விழுந்தார். மாஸ்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மூட்டைக்கு வயிற்றுக்குள் ஜில்லென்று ஏதோ இறங்கியது. தன் முகம் எப்படி இருக்கிறதோ என்று பயந்து, வாளிக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

அதற்கப்புறம் ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர அச்சுகளைத் தூக்கி, ஐஸ் பாரைக் கவிழ்த்து, கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். கல்யாணமும் ஆயிற்று. மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். வீட்டின் முன்னறையில் அவளுடைய இரண்டு தையல் மெஷினும் நீலத் துணி மலையும் போக மிச்சமிருந்த இடத்தில்தான் குடும்பம் நடந்தது. அவள் எப்போதும் அவனுடைய வலப்பக்கம் நின்றுதான் பேசுவாள்.

முப்பத்தொன்பது வயதில் மறுபடியும் அழைப்பு வந்தது. ஐஸ் கம்பெனியில் வாயு கசிந்து குழாய்களை எல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள், வேலை நின்றிருந்தது. புதிதாக முளைத்து வந்த ஒரு இருபது வயது ஹெவிவெயிட்காரனுக்கு, கனமாகவும் மெதுவாகவும் இருக்கிற, அடி தாங்குகிற ஆள் வேண்டுமாம். மனைவி வேண்டாம் என்றாள். அவன் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. யாரோ தேடி வந்து கூப்பிட்டார்கள் என்பதைத் தவிர.

அந்த இருபது வயதுக்காரன்தான் சவுக்கு. அவன் சிரிக்க மாட்டான், கோபப்படவும் மாட்டான். கூடம் வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். மூட்டைக்கு ஒரு பெயர் உண்டா, பட்டப்பெயராவது உண்டா என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. குத்திக்கொண்டே இருந்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களிடம், “இதை இன்னும் ரெண்டு ரவுண்டு நிக்க வைங்க,” என்பான். இவரை என்றுகூடச் சொல்ல மாட்டான். இரண்டாவது வருடம் ஒரு நாள், வலது கண்ணின் மேல் ஓரத்திலிருந்து கறுப்புத் துணி ஒன்று மெதுவாக இறங்குவது போல மூட்டைக்குத் தெரிந்தது. “கண்ணு தெரியலை தம்பி,” என்று கையைத் தூக்கினான். சவுக்கு இன்னொரு தடவை அதே பக்கம் குத்திப் பார்த்தான். நிஜமாகவே தெரியவில்லையா என்று சோதித்தானாம். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மூட்டை ஐஸ் கம்பெனிக்கே திரும்பி வந்தான். பதினேழு வருடம் பாரை இழுத்தான். இழுக்கும்போது மனதுக்குள் ஒரு சண்டை நடத்துவான். தூணுக்கு இருபத்தெட்டு வயது, சவுக்குக்கு இருபத்தாறு. இருவருமே உச்சத்தில் இருப்பார்கள். அவனுடைய சண்டையில் நடுவர் கிடையாது, மணியும் கிடையாது. ஒரு நாள் தூண் சவுக்கின் கண்ணைக் குத்தி மூடவைப்பார். மறுநாள் சவுக்கு தூணின் காதிலேயே குத்துவான். யாரையும் சீக்கிரம் விழ விட மாட்டான் மூட்டை. விழப் போனால் தூக்கி நிறுத்தி இன்னும் நாலு சுற்று ஓட விடுவான். மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதும்போது இரண்டு பேரும் ரத்தம் வழிய நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டுக் கை கழுவப் போவான்.

உண்மையில் நடந்தால் யார் ஜெயிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அது ஐந்தாவது சுற்றைத் தாண்டாது. ஆனால் அந்தச் சண்டையை அவன் ஒரு நாளும் நடத்திப் பார்த்ததில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் அதில் சுவை இல்லை.

முப்பத்தொன்பதாவது வயதில் சவுக்கு ஒரு தோல்விகூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றான். அப்போதுதான் ஊர் முழுக்க அந்தப் பேச்சு கிளம்பியது. தூண் காலத்தில் சவுக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முடிவெட்டும் கடையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து கத்தினார்கள். அந்தக் கால உணவு, இந்தக் கால மருந்து, அந்தக் காலக் கையுறையின் எடை என்று அலசாத விஷயம் இல்லை. மூட்டையும் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரு தொலைக்காட்சிக்காரர். ஒரு நாள் நண்பகலில் ஐஸ் கம்பெனி வாசலில், பளபளக்கிற ஷூ நனையாமல் இருக்க நுனிக்காலில் நடந்து வந்தார்.

“சார், ரெண்டு பேர் கூடவும் ரிங்ல நின்ன ஒரே ஆள் நீங்கதான்னு கேள்விப்பட்டோம். ஒரு கற்பனைச் சண்டை நிகழ்ச்சி பண்றோம். ரெண்டு சாம்பியனும் நேர்ல வர்றாங்க. நீங்க வந்து உங்க கருத்தைச் சொல்லணும்.”

சார் என்று தன்னை அதற்கு முன் யாராவது கூப்பிட்டதுண்டா என்று அவன் அன்று முழுக்க யோசித்தான்.

மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். “காதை ஒருத்தர் வாங்கிட்டார். கண்ணை ஒருத்தன் வாங்கிட்டான். இன்னும் என்னங்க மிச்சம் இருக்குன்னு கூப்பிடுறாங்க?”

“கருத்து கேக்குறாங்க.”

“நாப்பது வருஷமா இல்லாத கருத்து.”

ஆனாலும் அவனுடைய சட்டையைத் தோள்பட்டையில் பிரித்துப் பெரிதாக்கித் தைத்துக் கொடுத்தாள். கூட வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு உள்ளரங்கத்தில் நிகழ்ச்சி. நடுவில் நிஜமான ரிங் போட்டிருந்தார்கள். அதற்குள் மூன்று சோபா. சுற்றிலும் ஆயிரம் பேர், கையில் நீல அட்டையும் சிவப்பு அட்டையும். தூணுக்கு அறுபத்தைந்து வயது. சாம்பல் நிறக் கோட்டு, பருத்த வயிறு, ஆனால் நடையில் இன்னும் அந்த நட்டு வைத்த தோரணை இருந்தது. மூட்டையைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். “டேய், உயிரோடதான் இருக்கியா?” என்று அவனுடைய கேட்காத காதில் கேட்டார். சவுக்கு அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். யாரென்று அவனுக்கு நினைவில்லை.

தொகுப்பாளர் சண்டையைச் சுற்றுச் சுற்றாக வாய் வார்த்தையிலேயே நடத்தினார். பின்னால் திரையில் தூணின் பழைய கறுப்பு வெள்ளைப் படமும் சவுக்கின் வண்ணப் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. “இதோ தூண் நடுவில் வந்து நிற்கிறார், சவுக்கு வலமாகச் சுற்றுகிறார்...” ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டம் அட்டையைத் தூக்கியது. நான்கு சுற்று முடிந்தபோது நீலமும் சிவப்பும் சரிபாதி. தொகுப்பாளர் மூட்டையிடம் மைக்கை நீட்டினார்.

“நீங்க சொல்லுங்க சார். அஞ்சாவது ரவுண்டுல என்ன நடக்கும்?”

“அண்ணன் விழுந்துடுவார்,” என்றான் மூட்டை.

அரங்கம் ஓவென்று கூச்சலிட்டது. சவுக்கு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தான். தூண் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

“ஏண்டா, நான் அனுப்பின முட்டையெல்லாம் தின்னுட்டு இதையா சொல்ற? இவனுக்கு என்ன தெரியும்னு கூப்பிட்டீங்க? ஆறு வருஷம் என்கிட்ட கண்ணை மூடிக்கிட்டு அடி வாங்கினவன். மூட்டைக்கு என்னைக்கு வாய் வந்துச்சு?”

ஆயிரம் பேர் சிரித்தார்கள். டயர்க் கடை மாடியில் சிரித்தது ஏழெட்டுப் பேர்தான். மூட்டையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பல வருடம் அடி வாங்கிய முகத்தில் மாற்றம் சுலபமாகத் தெரியாது.

தொகுப்பாளருக்கு உடனே ஒரு யோசனை வந்தது. உடனே வந்தது என்றுதான் சொன்னார், ஆனால் மூன்று ஜோடிக் கையுறைகள் சோபாவுக்குப் பின்னால் தயாராக இருந்தன. இரண்டு சாம்பியன்களும் ஒருவரை ஒருவர் அடிக்க வேண்டாம். இருவரையும் தாங்கிய ஆள் இதோ இருக்கிறார். ஆளுக்கு ஒன்றிரண்டு, சும்மா விளையாட்டாக, இவர் மேல் காட்டட்டும். எந்தக் குத்து கனம் என்று இவரே சொல்லட்டும்.

“சம்மதமா சார்?”

கூட்டம் மூட்டை, மூட்டை என்று தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தது. சம்மதம் என்று அவன் சொன்னானா என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. யாரோ கையுறையை மாட்டி முடிச்சுப் போட்டார்கள்.

முதலில் சவுக்கு. வயிற்றில் ஒன்று, விலாவில் ஒன்று. விளையாட்டாக என்பது அவனுக்குத் தெரியாத கலை. விலாவில் விழுந்தது மூட்டையின் மூச்சைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டது. அவன் வளைந்து, கயிற்றைப் பிடித்து, மெல்ல நிமிர்ந்தான். கூட்டம் கைதட்டியது. “நல்லா நிக்குது,” என்றான் சவுக்கு, தொகுப்பாளரிடம்.

பிறகு தூண் கோட்டைக் கழற்றினார். கையுறையை மாட்டிக்கொண்டு, நாற்பது வருடத்துக்கு முன் நின்றது போலவே நின்றார். “வாடா. அஞ்சாவது ரவுண்டுல விழறவன் யாருன்னு பாப்போம்,” என்று கண்ணடித்தார். இடது கையை நீட்டி மூட்டையின் நெற்றியில் ஒரு தட்டு தட்டினார். சிரிப்பு. இன்னொரு தட்டு. அந்தக் கை வருகிற பக்கம் மூட்டைக்கு இருட்டு. ஆனால் அவன் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. தூணின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தட்டில் இறங்கியது. இரண்டாவதில் இறங்கியது.

மூன்றாவது தட்டு வந்தபோது அவனுடைய இடது கை வளைந்து போயிற்று.

ஐஸ் பாரை இழுத்து இழுத்து இறுகிய தோள் அது. சத்தம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, உலர்ந்த குச்சியை மிதித்தது மாதிரி ஒன்று. தூண் நின்ற இடத்திலேயே மடிந்து பக்கவாட்டில் விழுந்தார். விழும்போது தலை சோபாவின் மரக் கைப்பிடியில் மோதியது. சிரிப்பு நின்ற பிறகும் ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு மட்டும் மேல் வரிசையிலிருந்து கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. தூணின் வாயிலிருந்து ரத்தமும் செயற்கைப் பல்லும் வெளியே வந்தன. முதலில் ஓடி வந்தது அவருடைய மகள்.

மூட்டை தன் மூலைக்கு நடந்து போய், முதுகைக் கம்பத்தில் சாய்த்து நின்றான். விலா வலித்தது. வயிற்றுக்குள், அன்றைக்கு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இறங்கியதே, அதே ஜில்.

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. போலீஸ் வந்து விசாரித்தது. தூண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, விளையாட்டில் நடந்தது, புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நிகழ்ச்சியை ஒளிபரப்பவில்லை. ஆனால் யாரோ கைப்பேசியில் பிடித்த துண்டுப் படம் ஊரெல்லாம் சுற்றியது. முடிவெட்டும் கடையில் மூட்டைக்கு எழுந்து நாற்காலி கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி இரண்டு நாளும் மெஷினை விட்டு எழாமல் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நீலத் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“முதல்ல குத்தினவன் அந்தச் சின்னவன்தானே? கண்ணை எடுத்தவனும் அவன்தானே? அவனை ஏங்க அடிக்கல?”

அவன் பொய் சொல்லப் பழகாதவன். “அவன் திருப்பி அடிப்பான்,” என்றான்.

அவள் அவனைப் பார்த்த பார்வை, இத்தனை வருடமாகப் பக்கத்தில் படுத்தவர் யார் என்று இப்போதுதான் தெரிந்தது என்பது போல இருந்தது.

பத்து நாள் கழித்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். தூணின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது, மடியில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தன. மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மூட்டை ஸ்டூலில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று மூன்று பேருமே நினைத்தார்கள், அவனும்தான்.

தூண் எழுதிக் காட்டினார். குருட்டு அடியா?

“இல்ல அண்ணே. உங்க வலது கை இறங்கும். நீங்க இடது கையை நீட்டுறப்ப.”

தூண் பேனாவின் மூடியைப் போட்டு, மறுபடி கழற்றினார். பிறகு எழுதினார். எப்போதிருந்து தெரியும்?

“நான் வந்த அஞ்சாம் நாள்ல இருந்து.”

பேனா வேகமாக ஓடியது. ஒன்பதாவது சுற்று?

“அதேதான் அண்ணே.”

ஏன் சொல்லவில்லை என்று எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஈரத் துண்டு அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். வராமலும் இருந்திருக்கலாம். முப்பத்து மூன்று வருடமாக அந்தத் தோல்விக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். அன்று தனக்குக் காய்ச்சல், உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் தன்னைத் தொட ஆளில்லை என்று. சொல்லிச் சொல்லி ஊரும் நம்பியது. அவருடைய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. மூட்டை அதைப் பார்த்துவிட்டு, “வரேன் அண்ணே,” என்று எழுந்தான்.

நான்கு மாதம் கழித்து மகள் ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். மரத்தூள் கொட்டிய வாசலில் நின்று, வண்டி ஏற்றி முடியும்வரை காத்திருந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் தோளில் ஏறி விளையாடியவள்.

“மாமா, அப்பா சரியா சாப்பிடுறது இல்ல. அந்த ஒன்பதாவது ரவுண்டு படத்தை ஒரு நாளைக்கு முப்பது தடவை போட்டுப் பாக்கிறார். அந்த இடம் வந்ததும் நிறுத்திடுறார். மறுபடி போடுறார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், கையெல்லாம் இறங்கல, தற்செயலா பட்டுடுச்சுன்னு.”

“பொய் சொல்லச் சொல்ற.”

“ஆமா மாமா.”

வியாழக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. அவன் போனான். தூண் ஒரு பின்னறையில் இருந்தார். வயிறு கரைந்து, சட்டை கோணி போலத் தொங்கியது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று புதிதாக மாட்டியிருந்தார்கள். கம்பியை எடுத்துவிட்டிருந்தார்கள், ஆனால் பேச்சு குழறியது. மூட்டை வாயைத் திறப்பதற்குள் தூண் எழுந்து கண்ணாடி முன் நின்று கைகளைத் தூக்கினார்.

“பாத்துச் சொல்லு,” என்றார். “தினமும் பழகுறேன்.”

இடது கையை நீட்டினார். மெதுவாக நீண்டது அது. வலது கை நான்கு விரற்கடை இறங்கியது.

வாசலில் மகள் நின்றிருந்தாள். மூட்டை அவளைப் பார்த்தான், பிறகு தூணைப் பார்த்தான்.

“இறங்குது அண்ணே,” என்றான்.

“அடுத்த வியாழக்கிழமை வா,” என்றார் தூண்.

அடுத்த வியாழக்கிழமையும் போனான். அதற்கு அடுத்ததும். மகள் அவனுடன் பேசுவதை நிறுத்தினாள், ஆனால் அவன் வராத வாரம் அப்பா படுத்தும் பாடு தாங்காமல் கதவை மட்டும் திறந்துவிட்டாள். தூண் நீட்டுவார், இவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பான். “இறங்குது.” தூண் தலையாட்டிவிட்டு மறுபடி நீட்டுவார். உதட்டோரம் எச்சில் ஒழுகும். “இப்ப?” “இறங்குது.” ஒரு மணி நேரம் போகும். டீ வரும். மூட்டை குடிப்பான்.

ஏழாவது மாதம், மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, தூண் இடது கையை நீட்டினார். வலது கை தாடையோடு ஒட்டி அப்படியே நின்றது. மறுபடி நீட்டினார். நின்றது. பன்னிரண்டு தடவை நீட்டினார். ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அறுபத்தாறு வயதில், பட்டம் போய் முப்பத்து நான்கு வருடம் கழித்து, அந்தக் கை கற்றுக்கொண்டுவிட்டது. தூண் கண்ணாடி வழியாகவே அவனைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கேட்கக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

மூட்டை டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“இன்னும் இறங்குது அண்ணே,” என்றான்.

தூண் கையைத் தொங்க விட்டார். கண்ணாடியில் தன் வலது கையை அருகில் போய்ப் பார்த்தார். “ஆமா,” என்றார் குழறிக்கொண்டு. “ஆமாண்டா. எனக்கும் தெரிஞ்சுது.”

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மகள் அவரைத் தன் கணவனுக்கு வேலை மாற்றலான ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். முகவரி தரவில்லை. மூட்டை கேட்கவும் இல்லை. வியாழக்கிழமைகளில் இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். மனைவி தைக்கிறாள். அறுந்த நூலைக் கோத்துத் தரச் சொல்லி ஒரு காலத்தில் அவனிடம் ஊசியை நீட்டுவாள். ஒற்றைக் கண்ணால் அவன் தடுமாற, இருவரும் சிரிப்பார்கள். இப்போது அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவனுடைய இடப்பக்கம் உட்கார்ந்து தைக்கிறாள். அந்தப் பக்கமிருந்து அவள் ஏதாவது சொல்கிறாளா என்பது அவனுக்குத் தெரியாது.